ஓடிவந்தவனுக்குக் கிடைத்த உறவு



தோட்டத்தில் புதிதாக ஓர் ஆள் வந்து லயத்து முன்னால் நின்றால், நம் பெரியவர்கள் முதலில் கேட்பது என்ன? "எந்தத் தோட்டம் தம்பி? யார் மகன்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வழியில்லாத ஓர் இளைஞனைப் பற்றி இன்று பேசப் போகிறேன். இது கட்டுக்கதையன்று, ஆஸ்திரேலியாவில் நடந்த சரித்திரம்.

இளைஞனின் பெயர் வில்லியம் பக்லி. 1780இல் இங்கிலாந்தில் பிறந்தவன். செங்கல் கட்டும் கொத்தனார் வேலை பழகி, பிறகு பட்டாளத்தில் சேர்ந்தான். ஆறரை அடி உயரம் இருப்பான் என்கிறார்கள். 1802இல் திருட்டுத் துணியை வாங்கி வைத்திருந்தான் என்று குற்றஞ்சாட்டி, அவனை நாடு கடத்தினார்கள். "யாரோ ஒரு பெண் கொண்டுபோகச் சொன்னாள், கொண்டுபோனேன்" என்பது அவன் கட்சி. 1803இல் கைதிக் கப்பல் அவனைப் போர்ட் பிலிப் என்ற விரிகுடாவில் இறக்கிவிட்டது. இன்று மெல்பர்ன் நகரம் இருக்கிறதே, அந்தப் பக்கம்.

அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் சிலரோடு சேர்ந்து இரவில் தப்பி ஓடினான். ஒருவன் சுடப்பட்டு விழுந்தான். மற்றத் தோழர்கள் சில நாளில் பசி தாங்காமல் முகாமுக்கே திரும்பிப் போகிறோம் என்று புறப்பட்டார்கள். பக்லி திரும்பவில்லை. நம் முன்னோரில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் தோட்டத்தை விட்டு ஓடினால் சிறைக்குப் போகவேண்டியிருந்தது. அந்த முறையில் ஆள் கொண்டுவருவது 1910இல்தான் நின்றது. ஆகவே ஓடியவனின் பயம் நமக்குப் புரியாத பயமல்ல.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். தண்ணீர் சரியில்லை, மண் சரியில்லை என்று 1804இலேயே அந்த முகாமைக் காலி செய்துவிட்டு எல்லாரும் ஹோபார்ட்டுக்குக் கப்பலேறிவிட்டார்கள். துரத்த ஆளே இல்லை. அது அவனுக்குத் தெரியாது.

கடற்கரையோரம் சிப்பியும் காட்டுப் பழமும் தின்று உயிரைப் பிடித்துக்கொண்டு அலைந்தான். ஒரு மண்மேட்டில் ஈட்டி ஒன்று குத்தி நின்றதைக் கண்டு, ஊன்றுகோலாக எடுத்துக்கொண்டான். அது ஒரு சமாதி. பிறகு, நடக்கவும் தெம்பில்லாமல் கிடந்தவனை இரண்டு பெண்கள் பார்த்தார்கள். அவர்கள் வாதவுரங் என்னும் பழங்குடி மக்கள். இறந்தவர்கள் வெளுத்த தோலோடு திரும்பி வருவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. கையிலோ இறந்துபோன முரங்குர்க்கின் ஈட்டி! போனவன் வந்துவிட்டான் என்று அழுதார்கள்; உணவு கொடுத்தார்கள். இறந்தவனின் சகோதரன் தன் குடும்பத்தோடு அவனை வைத்துக்கொண்டான்.

இதைப் பாடம் சொல்லும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள்: "ஏமாந்துட்டாங்க சார்!" எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நாள் ஏமாறலாம். 32 ஆண்டுகள் ஒருவனுக்குச் சோறு போட்டு வைத்திருப்பதை ஏமாற்றம் என்று யார் சொல்வார்? பச்சைக் குழந்தைக்குக் கற்றுக்கொடுப்பதுபோல அவனுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தார்கள். ஈட்டியால் விலாங்கு குத்துவது, கிழங்கு தோண்டுவது, சிப்பி ஓட்டால் தோலுரிப்பது எல்லாம் பழக்கினார்கள். அங்கேயும் சண்டை சச்சரவு உண்டு. அவனை வளர்த்த குடும்பத்தாரே ஒரு பகையில் கொல்லப்பட்டபோது, துக்கத்தில் ஆற்றோரம் தனியே போய் மீன் பிடித்து வாழ்ந்தான். இவையெல்லாம் அவன் சொல்ல ஜான் மார்கன் என்பவர் 1852இல் எழுதிய புத்தகத்தில் உள்ளவை. பக்லிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆகையால் எது அவன் சொன்னது, எது எழுதியவர் கைச்சரக்கு என்று கொஞ்சம் யோசித்தே படிக்கவேண்டும்.

1835 ஜூலையில் வெள்ளையர் சிலர் கடற்கரையில் கூடாரம் போட்டிருந்த இடத்துக்கு அவர் வந்து நின்றார். வயது 55 ஆகிவிட்டது, இனி 'அவர்' என்றே சொல்வோம். தாய்மொழி மறந்துபோயிருந்தது. ரொட்டித் துண்டைக் கையில் கொடுத்ததும் அந்த ஒரு சொல் வாயில் வந்ததாம். கையில் பச்சை குத்திய இரண்டெழுத்து அவர் யாரென்று காட்டியது.

அந்த ஆட்களின் தலைவர் ஜான் பேட்மன். அதற்கு முந்தின மாதந்தான் போர்வை, கத்தி, கண்ணாடி, மாவு கொடுத்து, சுமார் 6 லட்சம் ஏக்கர் நிலத்தை வாங்கிவிட்டதாகப் பழங்குடியினரிடம் அடையாளம் போட்டு வாங்கியிருந்தார். ஆகஸ்டில் கவர்னர் அது செல்லாது என்றார். மக்களுக்குத் திருப்பிக் கொடுக்கவா? இல்லை, நிலம் அரசருடையது என்பதற்காக! பக்லிக்கு மன்னிப்புக் கிடைத்தது. மொழிபெயர்ப்பாளர் வேலையும் கிடைத்தது. சண்டை வராமல் தடுக்கப் பார்த்தார். வெள்ளையர் அவரைக் காட்டுமக்களின் ஆள் என்று சந்தேகப்பட்டார்கள். அவருக்குச் சோறு போட்ட மக்களின் கிழங்குக் காடுகளையோ ஆடுகள் மேய்ந்து தீர்த்தன.

இரண்டு ஆண்டுக்கு மேல் அவரால் அங்கே இருக்க முடியவில்லை. 1837 கடைசியில் ஹோபார்ட்டுக்குக் கப்பலேறினார். அங்கே வாயிற்காவலர் வேலை பார்த்தார். 1840இல் ஒரு விதவையை மணந்துகொண்டார். ஒரு நாடகக் கொட்டகையார் அவரை மேடையேறச் சொல்லிக் கூப்பிட்டார்கள். காட்டிலிருந்து வந்த ராட்சத மனிதன் என்று வேடிக்கை காட்டத்தான் என்று தெரிந்ததும் மறுத்துவிட்டார். 1856இல் குதிரைவண்டியிலிருந்து விழுந்து காலமானார்.