கோல சிலாங்கூரில் பிள்ளைகளோடு ஓர் இரவு

கோலாலம்பூரிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது கோல சிலாங்கூர். மின்மினி பார்க்க வரும் குடும்பங்கள் அந்தியில் வந்து, படகை விட்டு இறங்கியதும் ஊர் திரும்பிவிடுகின்றன. பாதி வழியிலேயே பிள்ளைகள் காரில் தூங்கிப்போகிறார்கள். இந்த ஊருக்கு அது போதாது. ஆற்றோரத்துச் சின்ன விடுதி ஒன்றில் ஓர் இரவாவது தங்க வேண்டும்.

கம்போங் புக்கிட் பெலிம்பிங்கில் ஃபயர்ஃப்ளை பார்க் ரிசோர்ட் ஆற்றை ஒட்டியே இருக்கிறது. இத்தகைய இடங்களில் ஆடம்பரம் குறைவு. பிள்ளைகளுக்கு அது ஒரு குறையே இல்லை. ஆனால் நடைபாதைக் கம்பிகளின் இடைவெளியைப் பெற்றோர் முதலில் பார்த்துவிடுவது நல்லது.

மாலை வெயில் தாழ்ந்ததும் மலாவாத்தி குன்று. 1784இல் டச்சுக்காரர் பிடித்த கோட்டை இது; மறு ஆண்டே சிலாங்கூர் சுல்தான் இப்ராஹிம் மீட்டார். உச்சியில் 1907இல் எழுந்த கலங்கரை விளக்கம் நிற்கிறது. பிள்ளைகளின் கண் என்னவோ லுத்தோங் குரங்குகள் மேல்தான். தாய் கருஞ்சாம்பல், மடியில் தொங்கும் குட்டியோ பளிச்சென்ற ஆரஞ்சு! சில மாதங்களில் அதுவும் தாயின் நிறத்துக்கு வந்துவிடும். லுத்தோங் சாதுவானது. வால் நீண்ட மற்ற குரங்குகளிடம்தான் தின்பண்டப் பையைக் காட்டக்கூடாது.

பாலம் தாண்டி பாசிர் பெனாம்பாங்கில் மீனும் நண்டும் சாப்பிட்டுவிட்டுக் கம்போங் குவாந்தான் போகலாம். அங்கே துடுப்புப் படகு. மோட்டார் இரைச்சல் கிடையாது. கைப்பேசியை அணைத்துவிட்டால், இருளில் பெரெம்பாங் மரம் முழுக்க ஒரே தாளத்தில் மினுக்குவது தெரியும். ஆண் பூச்சிகள் நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை ஒளிர்கின்றன. இவற்றின் புழுக்கள் கரையோர ஈரமண்ணில் சிறு நத்தைகளைத் தின்று வளர்பவை. கரையை வெட்டித் துப்புரவாக்கினால் நத்தை போகும். நத்தை போனால் மரத்தின் வெளிச்சமும் போகும். இதைப் படகிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலை தோட்டப் பக்கம். பத்தாங் பெர்ஜுந்தை என்ற பழைய பெயரை இன்னும் பலர் மறக்காத பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகே தென்னமரம் தோட்டம் இருக்கிறது. மலாயாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் நடப்பட்டது இங்கேதான், 1917இல். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுத் துரை. மலாயாவைப் பற்றிய நாவலுக்காக 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசை வென்றவர். துரையின் பெயர் புத்தகங்களில் நிலைத்துவிட்டது. காடு திருத்திய, பால்மரம் சீவிய நம் மக்களின் பெயர்கள் குடும்பங்களின் நினைவில்தான் இருக்கின்றன. அதனால் தாத்தா பாட்டியையும் உடன் அழைத்து வாருங்கள். விடியுமுன் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு ஓடியதையும், மங்கில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து ஸ்டோருக்குச் சுமந்ததையும், லயத்து வாசலில் விளையாடியதையும் அந்த மண்ணில் நின்றே அவர்கள் சொல்லட்டும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால் வடக்கே செகிஞ்சான். ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் வயல்வெளி அது. கப்பல் சரக்குப் பெட்டிகளை அறைகளாக்கிய விடுதிகூட அங்கே உண்டு.

சிறிய விடுதிகளில் அறைகள் குறைவு. பள்ளி விடுமுறை என்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பௌர்ணமியைத் தவிர்த்து நாள் குறித்தால் மின்மினிகள் இன்னும் நன்றாகத் தெரியும்.