சூரியனுக்கு விறகு எது?

(சங்கரன்கோவிலில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இவ்வூரில் கரண்டு நின்றால் விசைத்தறி நிற்கிறது. தறி நின்றால் கூலி நிற்கிறது. ஆகையால் கரண்டு எங்கிருந்து வரும் என்கின்ற விசாரம் நமக்கு மோட்ச விசாரத்தைவிட முக்கியமானதாகும்.

சூரியன் ஏழு குதிரை பூட்டிய தேரில் வருகிறான் என்றார்கள் புராணக்காரர்கள். குதிரைக்குக் கொள்ளு வைப்பது யார் என்று கேட்டால் நாஸ்திகன் என்பார்கள். 1920-ல் எட்டிங்டன் என்கின்ற வானநூல் அறிஞர், ஹைட்ரஜன் கூடி ஹீலியமாவதால் சூரியன் எரியலாம் என்று யூகித்தார். 1939-ல் பெத்தே என்பவர் அது நடக்கும் வகையைக் கணக்குப் போட்டே காட்டினார். கூடும்போது எடையில் நூற்றுக்கு முக்கால் பங்குக்கும் குறைவானதொன்று காணாமற்போகிறது, அதுவே வெப்பமாகிறது. சூரியனுக்கு விறகு இவ்வளவுதான்.

கூடங்குளத்தில் நடப்பது வேறு. அங்கே கனத்த யுரேனிய அணுவைப் பிளக்கிறார்கள். இங்கே லேசான அணுக்களைச் சேர்க்க வேண்டும். இதில் புகையில்லை. வேண்டிய டியூட்டீரியம் கடல் தண்ணீரிலேயே இருக்கிறது. டிரிட்டியத்தை லித்தியத்திலிருந்து செய்துகொள்ள வேண்டும். ஆனால் குப்பையே இராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உலையின் சுவர் கதிரியக்கம் ஏறிப்போகும்; யுரேனியச் சாம்பல்போல் நெடுங்காலம் காவல் காக்க வேண்டியதில்லை என்பதுதான் லாபம்.

இதற்கு 10 கோடி டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். எந்தப் பாத்திரம் தாங்கும்? ஆகவே காந்தத்தால் வேலி போடுகிறார்கள். குஜராத்திலுள்ள காந்திநகரில் 1989-ல் அப்படியொரு யந்திரத்தை ஓட்டி, அதற்கு ஆதித்யா என்று சூரியன் பெயரையே வைத்தார்கள். பெயரில் நமக்குச் சண்டையில்லை. அந்த ஆதித்யா பூசை கேட்பதில்லை. கரண்டுதான் கேட்கிறது, கொடுக்கிறபாடில்லை! பிரான்சில் கட்டப்படும் பெரிய உலைக்கு இந்தியா உள்பட ஏழு தரப்பார் 2006-ல் கையெழுத்திட்டார்கள். அதன் வெளிக்கூடு, சுமார் 3,800 டன், குஜராத்தின் ஹஸிராவில் நம் தொழிலாளிகள் கையால் துண்டுதுண்டாகச் செய்யப்பட்டுக் கப்பலேறியது.

இனி நம் தோழர்களிலேயே சிலர், நாளைக்கே கரண்டு சும்மா கிடைக்கும் என்று பேசுகிறார்கள். இதுவும் ஒரு மூடநம்பிக்கையே. 1955-ல் ஜெனீவா மகாநாட்டில் ஹோமி பாபா இன்னும் இருபது வருஷத்தில் வழி பிறக்கும் என்றார். எழுபது வருஷம் போயும் வரவில்லை. பாபா பேரறிஞர்தான், அதற்காக அவர் வாக்கு வேதவாக்காகிவிடுமா? 2022 டிசம்பரில் அமெரிக்காவில் லேசர் ஒளி 2.05 மெகாஜூல் செலுத்தி 3.15 எடுத்தார்கள். ஆனால் அந்த ஒளியை உண்டாக்கச் செலவான கரண்டு சுமார் 300. முந்நூறு ரூபாய் முதல் போட்டு மூன்று ரூபாய்க்கு விற்றதுபோல!

இந்த நஷ்டக் கணக்கை அவர்களே அச்சிட்டு வெளியிடுகிறார்கள். புற்றுமண் பூசியும் நோய் தீராதவர்கள் எத்தனை பேர் என்று எங்கேனும் எழுதிவைத்ததுண்டா?

கேள்வி கேட்க விரும்புவோர் மேடைக்கு வரலாம். வைதீகத் தோழர்களுக்கு முதலிடம்.