தை பிறந்தாச்சு, நாமும் கூட்டத்துக்கு வருவோம்

(பொங்கல் முடிந்து நடந்த கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், ஒரு உறுப்பினர் குழுவின் சார்பாகப் பேசியது)



தை பிறந்தால் வழி பிறக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். வழி பிறக்கும், சரி. ஆனால் அந்த வழியில் நாம்தானே நடக்க வேண்டும்? பொங்கல் முடிந்த பிறகு நம்மில் பலருக்கு நடக்கவே காலு வர மாட்டேங்குது. அதைப் பற்றித்தான் இன்றைக்கு நாங்கள் பேச வந்திருக்கிறோம்.

பொங்கல் விடுமுறை என்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை, ஆபீசுக்கு விடுமுறை. நமக்கு ஏது? போகிக்கு வீடு வெள்ளையடிப்பு, பொங்கலன்று விடியற்காலை அடுப்பு, மாட்டுப் பொங்கலுக்கு தொழுவம் கழுவுவது, காணும் பொங்கலுக்கு வந்தவர்களுக்கு ஆக்கிப் போடுவது. கட்டிக்கொடுத்த மகளுக்கு சீர் வேறு. எல்லாம் முடிந்து உட்காரும்போது உடம்பு அசந்து போகிறது, சுருக்குப் பையும் காலியாகி விடுகிறது. அந்த நேரத்தில்தான் குழுக் கூட்ட நாள் வருகிறது. "இந்த வாரம் வேணாம், அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று மனசு சொல்கிறது. அடுத்த வாரமும் அதையே சொல்கிறது.

எங்கள் குழுவில் போன வருஷம் நடந்ததை மறைக்காமல் சொல்கிறோம். நாங்கள் பதினாலு பேர். பொங்கலையொட்டி மூன்று வாரம் கூட்டமே நடக்கவில்லை. நாலாவது வாரம் ஊக்குநர் பாயை விரித்து வைத்துவிட்டுக் காத்திருந்தார். வந்தது ஆறு பேர். சேமிப்பு நின்றது, தவணை நின்றது, தீர்மான நோட்டில் எழுத ஒன்றுமில்லை. இன்னும் இரண்டு மாதம் இப்படியே போயிருந்தால் குழு கலைந்திருக்கும்.

வராதவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்த்தோம். ஒரு அக்கா வீட்டில் சின்னப் பிள்ளை வாசலுக்கு வந்து, "அம்மா இல்லைன்னு சொல்லச் சொன்னாங்க" என்றது. உள்ளே போனோம். அக்கா அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தார். "ரெண்டு தவணை நின்னு போச்சு. மகளுக்கு சீர் செஞ்சதுல கையில ஒண்ணுமில்ல. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?" என்றார்.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பணம் இல்லாதது ஒரு கஷ்டம். அதற்கு வெட்கப்பட்டு வீட்டுக்குள் இருந்துகொள்வது இன்னொரு கஷ்டம். இதில் எங்கள் தப்பும் இருந்தது. தவணை தவறியவரை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்பதும், அபராதம் போடுவதும் எங்கள் வழக்கமாக இருந்தது. அன்றைக்கே ஆறு பேரும் முடிவு செய்தோம். பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆள் கூட்டத்துக்கு வர வேண்டும். வந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது பணத்தை அல்ல, "எப்படி இருக்கீங்க?" என்பதை. தவணையை எப்படிப் பிரித்துக் கட்டுவது என்று அதன் பிறகு உட்கார்ந்து பேசலாம். அடுத்த வாரம் பதினொரு பேர் வந்தார்கள்.

நம்பிக்கை எப்படி வருகிறது?

சகோதரிகளே, நம்மை நாமே நம்ப வேண்டும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி நம்புவது என்று யாரும் சொல்வதில்லை. அதற்கு வழி நம் குழுவிலேயே இருக்கிறது.

நம் தமிழ்நாட்டில் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் தொடங்கப்பட்டன. 1992-ல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைத்துப் பார்க்க 500 குழுக்கள் என்று கணக்கு வைத்து ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கியது. அதற்கு முன்னால் நிலமோ நகையோ இல்லாத பெண்ணை வங்கி வாசலில் யார் மதித்தார்கள்? பிறகு எப்படி ஈடு இல்லாமல் கடன் கொடுத்தார்கள்? நம் பேச்சைக் கேட்டா? இல்லை. குழு ஆரம்பித்து ஆறு மாதமாவது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்தார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்தார்கள், சேமிப்பு நோட்டைப் பார்த்தார்கள், உள்கடன் திரும்பி வந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். சின்னத் தொகைதான். ஆனால் சொன்ன நாளில், சொன்னபடி வந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் நம்பினார்கள்.

நம் மனசும் அந்த வங்கி மாதிரிதான். வெறும் பேச்சை நம்பாது. "இந்த வருஷம் பாருங்க, நான் என்ன செய்யறேன்னு" என்று தை மாதம் சொல்லிவிட்டு மாசியில் விட்டுவிட்டால், அடுத்த தடவை நாம் சொல்வதை நம் மனசே கேட்காது. சின்னதாகச் சொல்லி, சொன்னதைச் செய்து, அதை எழுதி வைத்தால், கொஞ்சம் கொஞ்சமாக நம்பிக்கை வரும்.

யாருடைய இலட்சியம்?

அந்த அக்காவிடம் பிறகு ஒரு நாள் கேட்டோம், "இந்த வருஷம் என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க?" "தையல் மிஷின் வாங்கணும்" என்றார். மூன்று வருஷமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "தையல் தெரியுமா அக்கா?" "தெரியாது. பக்கத்து குழுவுல எல்லாரும் வாங்கினாங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். பிறகு அவரே சொன்னார். "நெஜமா சொல்லணும்னா, எங்கம்மா போட்ட தோடு அடகுல இருக்கு. நாலாயிரம் ரூபா. அதை மீட்டுட்டா போதும்." அப்போதுதான் அவர் கண் கலங்கியது. அதுதான் அவருடைய இலட்சியம். மிஷின் அடுத்த வீட்டு இலட்சியம்.

ஏற்கனவே தவணை பாக்கி இருந்ததால் குழு விதிப்படி அவருக்குப் புதுக்கடன் கொடுக்க முடியவில்லை. பூக்கட்டி விற்கும் காசில்தான் சேர்க்க வேண்டும். முதலில் வாரம் 200 ரூபாய் எடுத்து வைக்கிறேன் என்றார். இரண்டு வாரம் வைத்தார். மூன்றாவது வாரம் அரிசி வாங்க அதையே எடுத்து விட்டார். "நம்மால ஆகாது" என்று மறுபடியும் மூலையில் உட்காரப் பார்த்தார்.

நாங்கள் சொன்னோம், "அக்கா, உங்களால ஆகாதுன்னு இல்ல. தொகைதான் பெருசு. பூ விக்காத வாரத்துலயும் உங்களால முடியற தொகை எது?" யோசித்து 40 ரூபாய் என்றார். பத்து வாரம் தவறாமல் வைத்தார். அப்புறம் அவராகவே அதை 75 ஆக்கினார். காய்ச்சலில் இரண்டு வாரம் விட்டுப் போனது. அதற்காக எல்லாம் போச்சு என்று விடவில்லை, மூன்றாவது வாரம் மறுபடி வைத்தார். பத்து வாரம் 40 ரூபாய், முப்பத்தாறு வாரம் 75 ரூபாய். மொத்தம் 3,100 ரூபாய். அடகுக்கு மாதா மாதம் வட்டியும் கட்டினார், குழுவின் பழைய தவணையையும் பிரித்துக் கட்டி முடித்தார். மிஷின் வாங்கவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

மதுரை மாவட்டம் புல்லுச்சேரி சின்னப்பிள்ளை அம்மாவைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். எழுதப் படிக்கத் தெரியாத, கூலி வேலைக்குப் போன ஒரு பெண். குழுக்கள் வழியாகத் தலைவியாக வளர்ந்தார். ஸ்திரீ சக்தி விருது வாங்கியபோது, பிரதமராக இருந்த வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-ல் பத்மஸ்ரீ விருதும் கிடைத்தது. விருது வாங்க வேண்டும் என்று நினைத்தா அவர் ஆரம்பித்திருப்பார்? தன் ஊர்ப் பெண்களுக்கு என்ன தேவையோ அதில் ஆரம்பித்தார்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஆகவே சகோதரிகளே, இந்தக் கூட்டம் முடிந்து போகும்போது நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒன்று, எனக்கு நெஜமாகவே வேண்டியது என்ன? மாமியார் சொன்னது, பக்கத்து வீட்டில் வாங்கினது வேண்டாம்.

இரண்டு, அதற்கு எவ்வளவு, எந்த மாதத்துக்குள்?

மூன்று, மோசமான வாரத்தில்கூட என்னால் முடிகிற தொகை, முடிகிற வேலை எது? அதையே வாக்காக வையுங்கள்.

நான்கு, நான் தவறினால் யாரிடம் போய்ச் சொல்வேன்? ஒளிந்துகொள்ளாமல் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டும். அதற்குத்தானே குழு இருக்கிறது?

எழுதத் தெரிந்தவர்கள் பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். தெரியாதவர்கள் வாராவாரம் ஒரு கோடு போடுங்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

கடைசியாக ஒன்று. இந்தப் பொங்கலுக்கு அந்த அக்காவின் காதில் தோடு வரவில்லை. இன்னும் 900 ரூபாய் பாக்கி. ஆனால் பொங்கல் முடிந்த முதல் கூட்டத்துக்கு அவர்தான் முதல் ஆளாக வந்து பாயை விரித்தார். "பங்குனிக்குள்ள எடுத்துருவேன்" என்றார். பதினாலு பேரில் ஒருத்தரும் "எப்படி?" என்று கேட்கவில்லை. எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும், எடுத்துவிடுவார் என்று.

அடுத்த வாரம் உங்கள் குழுவில் யாராவது வராமல் இருந்தால், அபராதம் எழுதும் முன்னால் ஒரு நடை அவர் வீட்டுக்குப் போய்விட்டு வாருங்கள்.