சும்மா இருத்தலும் சோர்ந்து இருத்தலும்

(சேலம் ஃபேர்லேண்ட்ஸ் பகுதித் திருக்கோயிலில், அப்பர் சுவாமிகள் குருபூசை நாளில் நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



சித்திரைச் சதயமாகிய இந்நன்னாள், திருநாவுக்கரசு சுவாமிகள் திருப்புகலூரில் இறைவன் திருவடியில் இரண்டறக் கலந்த நாள். எனக்கு முன் பேசிய பெரியோர் அவருடைய பாடற் சிறப்பை விரித்துரைத்தனர். அடியேன் அவருடைய முதுமையைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். இந்த அவையில் தலை நரைத்தவர்களே மிகுதி. அடியேனும் அவர்களுள் ஒருவன்.

அப்பரடிகள் 81 ஆண்டுகள் இந்நிலவுலகில் வாழ்ந்தார் என்பது வழிவழி வரும் செய்தி. அவருடைய திருவுருவத்தைக் கோயில்களில் கண்டிருக்கிறீர்கள். கையில் இருப்பது யாது? உழவாரம். திருக்கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் கருவி அது. முதுமை வந்துற்ற பின்னும் அவர் அதனைக் கீழே வைத்தாரில்லை.

இப்பொழுது நம் இல்லங்களை எண்ணிப் பாருங்கள். அறுபது கடந்தவுடன் நம் மக்கள் நம்மிடம் கூறும் முதற்சொல் யாது? “நீங்கள் சும்மா இருங்கள்” என்பதே. அன்பினால் சொல்லும் சொல்தான்; ஆயினும் அச்சொல்லில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

அடியேன் பட்டதையே சொல்கிறேன். என் 68-ஆம் வயதில் குளியலறையில் ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை; துணிவு முறிந்தது. “அப்பா, நீங்கள் எழுந்திருக்கவே வேண்டா, எல்லாம் கைக்கு வரும்” என்றனர் என் மக்கள். வெந்நீர் வந்தது, உணவு வந்தது, செய்தித்தாள் வந்தது. மூன்று திங்கள் நாற்காலியே என் உலகமாயிற்று. பின்னர் ஒரு பிரதோஷ நாளில் கோயிலுக்கு வந்தேன். வாயிலில் மூன்றே படிகள். என் கால்கள் ஏற மறுத்துவிட்டன. பெயரன் என்னைத் தாங்கி ஏற்றினான். நந்தியெம்பெருமான் முன் நின்று அழுதேன். மருத்துவரிடம் கேட்டபோது, “உமக்கு நோய் ஒன்றும் இல்லை, பயன்படுத்தாத தசை கரைந்துவிட்டது” என்றார்.

அன்பர்களே, “சும்மா இருத்தல்” என்பது நம் பெரியோர் போற்றிய உயர்ந்த நிலை. ஆனால் அஃது ‘நான்’ என்னும் முனைப்பு அடங்கும் நிலை. முழங்கால் மடங்காமற் போகும் நிலையன்று. அகம் சும்மா இருக்க வேண்டும். உடம்பு தொண்டில் இயங்க வேண்டும். நாமோ உடம்பைச் சும்மா வைத்துவிட்டு மனத்தை ஊரெங்கும் ஓடவிடுகிறோம்! இது சும்மா இருத்தல் அன்று, சோர்ந்து இருத்தல்.

“அழியும் உடம்பைப் பேணுதல் சைவர்க்கு முறையோ?” எனச் சிலர் வினவுவர். பத்தாந் திருமுறையாகிய திருமந்திரத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒன்பது தந்திரங்களுள் மூன்றாம் தந்திரம் முழுவதும் யோகத்துக்கே உரியது. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் எட்டு உறுப்புகளையும் திருமூலர் முறையே வகுத்துரைக்கிறார். உடம்பினுள்ளே உத்தமன் உறைகின்றான். ஆதலின் அதனைப் பேணுதல் கோயிலைப் பேணுதலே என்பது அவர் கொள்கை. நம் நாமக்கல் மாவட்டத்துத் திருச்செங்கோட்டில், தம்முடன் வந்த அடியார்களைக் குளிர்காய்ச்சல் பற்றியபோது, “உடம்புதானே” என்று திருஞானசம்பந்தர் வாளா இருந்தாரோ? திருநீலகண்டப் பதிகம் பாடி அப்பிணியைப் போக்கினார் அல்லரோ?

நம் சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. முதியவர் ஒருவர் சோறு சமைக்கும்போது கைக்குக் கிடைத்த குச்சியால் கிளறினாராம், சோறு கருத்துவிட்டதாம். அதனை வீணாக்காமல் தாமே உண்டவர் இளைஞராகிவிட்டாராம். அந்த மூலிகைக் குச்சியை இன்றும் தேடுவோர் உளர். அடியேன் ஒன்று சொல்வேன்: மூலிகை கிடைத்தால் மகிழ்ச்சி, கிடைக்கும் வரையில் நாள்தோறும் மலையடிவாரம் வரை நடந்து தேடுங்கள். அந்த நடையே பாதி மருந்தாகும்!

கதை வேண்டா, கண்முன் கண்ட சான்று வேண்டும் என்பீராயின், நம் கொங்கு நாட்டிலேயே இருக்கிறது. பொள்ளாச்சியை அடுத்த ஜமீன் காளியாபுரத்தில் 1920-இல் பிறந்து, கோயம்புத்தூரில் வாழ்ந்த நானம்மாள் என்னும் அம்மையாரை அறிவீர்கள். குழந்தைப் பருவத்தில் தம் குடும்பத்துப் பெரியோரிடம் ஆசனங்களைக் கற்றார். மணம் முடித்து, மக்களைப் பெற்று வளர்த்து, பெயரன் பெயர்த்திகளைக் கண்ட பின்னும் அப்பயிற்சியைக் கைவிட்டாரில்லை. சேலை உடுத்தபடியே ஆசனங்களைச் செய்து காட்டினார், பிறர்க்கும் கற்பித்தார். 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பெற்றபோது அவருக்கு வயது 98. மறு ஆண்டு, 2019-இல், 99-ஆம் வயதில் இயற்கை எய்தினார். மரணம் அவருக்கும் வந்தது. ஆனால் அது வரும் வரையில் அவர் வாழ்ந்துகொண்டிருந்தார். நாம் அவரிடம் கற்க வேண்டுவது இதுவே.

இன்றைய மருத்துவ அறிவும் இதற்கு மாறுபடவில்லை. 65 வயது கடந்தோர் வாரத்தில் 150 நிமிடங்களேனும் மிதமாக உடலை இயக்க வேண்டும். இரண்டு நாள்களேனும் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும், மூன்று நாள்களேனும் விழாமல் நிலைநிற்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக நல்வாழ்வு நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. நாளொன்றுக்குக் கணக்கிட்டால் 22 நிமிடங்களுக்கும் குறைவே! பிராகாரத்தை வலம்வருதலும், பூக்கொய்தலும், கோலமிடுதலும், தரையில் அமர்ந்து எழுதலும், விழுந்து வணங்குதலும் நம் முன்னோர் வழிபாட்டோடு இணைத்துத் தந்த பயிற்சிகள் என்பதை உணர்மின்கள்.

அடியேன் மீண்ட வழியையும் கூறிவிடுகிறேன். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, மெல்ல அமர்தல். முதலில் ஐந்து முறை, பின்னர்ப் பத்து முறை. தூணைப் பற்றிக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்றல். ஐந்தெழுத்தை ஐந்து முறை ஓதும் அளவு. முதுகு நிமிர அமர்ந்து, மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல விடுதல். இவ்வளவே. ஆறு திங்களில் அந்த மூன்று படிகளையும் நானே ஏறினேன்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இரத்த அழுத்தம், இதயநோய், கண்ணில் நீரழுத்த நோய் உடையோர் தலைகீழாக நிற்கும் ஆசனங்களை மேற்கொள்ளலாகாது. மூச்சை அடக்குதலும் ஆகாது. மருத்துவரைக் கேட்டு, தக்க ஆசிரியரிடம் கற்றல் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் செய்கிறார் என்று போட்டியிடுதல் யோகம் அன்று, அது அகங்காரம்.

நிறைவாக, அப்பரடிகளிடமே மீள்வோம். முதுமையில் அவர் திருக்கயிலை காணப் புறப்பட்டார். கால்கள் தேய்ந்தன, கைகளால் தவழ்ந்தார். கைகள் தேய்ந்தன, மார்பால் ஊர்ந்தார். அதுவும் இயலாதாயிற்று, புரண்டு சென்றார். முடிவில் அசைவற்றுக் கிடந்தார். அப்பொழுது இறைவன் முனிவராய் எதிர்வந்து, பின்னர் அங்கிருந்த பொய்கையில் மூழ்குவித்து, திருவையாற்றில் எழச்செய்து, அங்கேயே கயிலைக் காட்சியை அருளினான். இதனுள் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. இயன்ற மட்டும் முயல்க என்பது ஒன்று. இயலாது கிடப்போரைத் தேடி இறைவனே வருவான் என்பது மற்றொன்று. ஆகவே, நோயினால் படுக்கையில் இருக்கும் முதியோர் எவரும் அடியேன் உரையைக் கேட்டு உள்ளம் நோதல் வேண்டா. மூச்சும் ஐந்தெழுத்தும் உங்களோடு உள்ளன. அதுவே உங்கள் யோகம்.

ஆனால் அப்பர் வரலாறு அங்கு முடியவில்லை. அசைவற்று வீழ்ந்த அதே பெருமான், பின்னர்த் திருப்பூந்துருத்தியில் ஞானசம்பந்தப் பிள்ளையாரின் சிவிகையைத் தம் தோளில் தாங்கினார்! திருப்புகலூரில் மீண்டும் உழவாரம் ஏந்தினார். அங்கு முற்றத்தில் பொன்னும் மணியும் கிடந்தபோதும் புல்லோடு சேர்த்து வாரிப் பொய்கையில் எறிந்தார். வீழ்தல் முடிவன்று; எழாதிருத்தலே முடிவு.

இளைஞர்களே, உங்கள் பெற்றோரை “உட்காருங்கள்” என்று மட்டும் சொல்லாதீர்கள்; “வாருங்கள், சேர்ந்து நடப்போம்” என்று கைகொடுங்கள். முதியோர்களே, வருகின்ற ஞாயிறு காலை இத்திருக்கோயில் நந்தவனத்தில் களையெடுக்க வாருங்கள். குனிய இயலாதவர் நின்று நீர் ஊற்றுங்கள். நிற்க இயலாதவர் அமர்ந்து பூத்தொடுங்கள். அடியேனும் வருவேன். அந்த மூன்று படிகளை நாம் சேர்ந்தே ஏறுவோம்.

திருச்சிற்றம்பலம்.