மௌனம் சம்மதமாகிவிடும்



கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், 1980ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குச் சிறப்புக் கல்வி வழங்குவதைப் பாடசாலைச் சபைகளின் கடமையாக்கிற்று. பெற்றோர் எழுத்துமூலம் கோரினால், அதிபர் பிள்ளையை இனங்காணல், இடமளித்தல், மீளாய்வுக் குழுவிடம் அனுப்பியே ஆகவேண்டும். 1998ஆம் ஆண்டின் 181ஆம் இலக்க ஒழுங்குவிதிப்படி, அக்குழு தனிவகுப்பைப் பற்றி எண்ணுமுன் வழமையான வகுப்பறையையே ஆராய வேண்டும். அங்கு உரிய உதவிகளுடன் பிள்ளையின் தேவைகள் நிறைவேறுமாயின், பெற்றோரும் அதனை விரும்புவராயின், அதுவே முடிவாதல் வேண்டும்.

ஆயினும் ஊராரின் பேச்சுக்கு அஞ்சிப் பிள்ளையின் நிலையை மறைக்கும் தமிழ்ப் பெற்றோர் உளர். ஆங்கிலப் படிவத்தை விளங்காமலே கையொப்பமிடுவோரும் உளர். அக்கூட்டத்திற்குத் தம் சார்பில் பேச ஒருவரை அழைத்துச் செல்லப் பெற்றோருக்கு உரிமை உண்டு. மொழியறிந்த இளையோர் அங்கன்றோ தேவைப்படுகின்றனர்! முடிவு கிடைத்த 30 நாள்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். சம்மதமும் தராமல், மேன்முறையீடும் செய்யாமல் காலம் கடந்தால், சபை தன் முடிவை நடைமுறைப்படுத்தலாம்.