காய்ச்சல் வந்தால் உடம்பில் கருப்புப் பொருக்கைத் தேடுங்கள்

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியது)



உண்ணிக் காய்ச்சல் பயத்தில், நாய் வளர்ப்பதையே தடை செய்ய வேண்டும் என்று போன கூட்டத்தில் ஒரு கோரிக்கை வந்தது. 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட நாய் இனத்தின் ஊர் நம் ராஜபாளையம். ஆனால் ஊர்ப் பெருமைக்காக நான் பேச வரவில்லை. தவறான எதிரியைத் துரத்தினால் சரியான எதிரி தப்பிவிடும்.

'உண்ணிக் காய்ச்சல்' என்று நாம் சொல்வதில் இரண்டு நோய்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, உண்ணி பரப்பும் ரிக்கெட்சியா பாக்டீரியாவால் வருவது. காய்ச்சலோடு சிவப்புத் தடிப்பு வரும். உள்ளங்கை, உள்ளங்காலிலும் தெரியலாம். இன்னொன்று 'ஸ்க்ரப் டைபஸ்'. தமிழ்நாட்டில் அதிகம் பார்ப்பது இதைத்தான். இதைப் பரப்புவது நாய் உண்ணி இல்லை. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் இளம்பருவம். அது எலிகளை ஒட்டி வாழ்வது.

இரண்டு வருடம் முன் என் மாமியாருக்குக் காய்ச்சல். டெங்கு இல்லை என்றார்கள். ஆனால் பிளேட்லெட் குறைந்துகொண்டே வந்தது. ஏழாம் நாள் மூச்சு வாங்கியது. மதுரைக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு நர்ஸ் இடுப்பில் சேலை கட்டும் இடத்தில் சிகரெட் சூடு போட்டதுபோல் ஒரு கருப்புப் பொருக்கைப் பார்த்தார். வலியே இல்லாததால் மாமியாருக்கே அது தெரியாது. பத்து நாள் முன்பு செண்பகத்தோப்பில் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. டாக்சிசைக்ளின் கொடுத்த இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

இந்த இரண்டு நோய்க்குமே அதுதான் முக்கிய மருந்து. பென்சிலின் வகை மருந்துகள் பலிக்காது. நோய் முற்றினால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிக்கும். கடுமையான ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து ஊசி வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் காட்டியது. அதற்காகக் கடையில் நீங்களே மாத்திரை வாங்கிப் போடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியவை இவை. அய்யனார் அருவி, செண்பகத்தோப்பு, தோப்பு, வயல் என்று போய் வந்தால் குளித்து, உடுத்தியதைத் துவைத்துவிடுங்கள். புல்லில் விரிப்பில்லாமல் உட்காராதீர்கள். காய்ச்சல் வந்தால் அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு, மார்புக்குக் கீழ் என்று மறைவிடங்களைப் பாருங்கள். பொருக்கு இல்லாமலும் இந்த நோய் வரும். அதனால் எங்கே போய் வந்தீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

நாய் வளர்ப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு. உண்ணி சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். கால்நடை மருத்துவர் சொல்லும் உண்ணி மருந்தைத் தவறாமல் போடுங்கள். உண்ணியை விரலால் நசுக்க வேண்டாம், மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள்.

சங்கத்துக்கு என் கோரிக்கை: நாய்த் தடையைக் கைவிட்டு, பின்பக்கக் காலிமனைப் புதரையும் எலி பெருகும் குப்பையையும் மழைக்கு முன் அகற்றுவோம். இந்தக் காய்ச்சல் ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. வந்தவர்களை ஒதுக்காமல் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவோம்.