ஆர்எக்ஸ் 100-ல 135 ப்ளாக்: லேத்துக்குப் போறதுக்கு முன்னாடி

டூ-ஸ்ட்ரோக் வண்டி வச்சிருக்கற யாரைப் பார்த்தாலும் கேட்கற கேள்வி ஒண்ணு இருக்கு: "ஆர்எக்ஸ் 100-ல 135 ப்ளாக் ஏத்தலாமா?" இன்னிக்கு எபிசோட் முழுக்க அதைப் பத்திதான்.

முதல்ல கணக்கைப் பார்த்துடுவோம். ஆர்எக்ஸ் 100-ஓட போர், அதாவது சிலிண்டர் விட்டம், 50 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலயும் கீழயும் போற தூரம், அதுவும் 50. மொத்தம் 98 சிசி. 135-ல ஸ்ட்ரோக் அதே 50 தான், போர் மட்டும் 58. அது 132 சிசி. வித்தியாசம் எட்டு மில்லிமீட்டர்தான், ஆனா கொள்ளளவு 34 சதவீதம் கூடிடுது. ஸ்ட்ரோக் ஒண்ணா இருக்கறதால, "கிராங்க்கைத் தொட வேணாம், ப்ளாக் மட்டும் மாத்தினா போதும்"னு எல்லாருக்கும் தோணும். சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது.

பெரிய ப்ளாக்னா அதோட ஸ்லீவும் பெருசு. அது உள்ள இறங்க, கிராங்க்கேஸ் வாயை லேத்ல கொடுத்துப் பெருசாக்கணும். அதுக்கு இன்ஜினை முழுசா பிரிக்கணும். வண்டியில இருக்கும்போதே கிரைண்டர் வச்சுத் தேய்க்கறேன்னு யாராவது சொன்னா, வண்டியை எடுத்துட்டு வந்துடுங்க. அலுமினியத் தூள் கிராங்க் பேரிங்குக்குள்ள போச்சுன்னா மொத்த செலவும் வீண். அதைவிட முக்கியமான விஷயம், கடைஞ்ச கேஸை மறுபடி பழையபடி ஆக்க முடியாது. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லயே நின்னு போச்சு. நல்ல நிலையில இருக்கற கேஸ் வருஷா வருஷம் குறைஞ்சுட்டே வருது. அதனால யோசிக்கறதை லேத்துக்குப் போறதுக்கு முன்னாடி யோசிச்சுடுங்க.

சரி, முடிவு பண்ணிட்டீங்க. புதுப்பேட்டையிலயோ ஜி.பி. ரோட்லயோ ஒரு ப்ளாக் வாங்கிட்டீங்கன்னு வச்சுப்போம். பிஸ்டன் பின் உங்க கனெக்டிங் ராடுக்குச் சரியா பொருந்துதான்னு முதல்ல பாருங்க. போர் பண்ணி வந்த ப்ளாக்கா இருந்தா, போர்ட் ஓரங்களை விரலால தடவிப் பாருங்க. கூரா இருந்தா ரிங் அதுல மாட்டி உடையும். ஓரத்தை லேசா சரிச்சு மழமழன்னு ஆக்கச் சொல்லுங்க. பிஸ்டன் தலையில இருக்கற அம்புக்குறி சைலென்சர் பக்கம் பார்க்கணும். ரிங் முனைகள் பள்ளத்துல இருக்கற சின்ன ஆணியில சரியா உக்காரணும்.

அடுத்தது ஹெட். 50 மில்லிமீட்டர் போருக்குச் செஞ்ச ஹெட்டை 58 மேல வச்சா, கம்ப்ரஷன் எக்கச்சக்கமா ஏறும். 135-க்கான ஹெட்டையே போடுங்க. அப்புறம் ப்ளக் துளை வழியா சால்டர் கம்பியை விட்டு, அதோட முனை சிலிண்டர் சுவரைத் தொடற மாதிரி வச்சு, கையால கிராங்க்கைச் சுத்துங்க. நசுங்கின முனையை வெர்னியர்ல அளந்தா, பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளி தெரியும். இந்த சைஸ் இன்ஜினுக்கு ஒரு மில்லிமீட்டர் பக்கத்துல இருந்தா நல்லது. ரொம்பக் குறைஞ்சா பிஸ்டன் ஹெட்டை இடிக்கும்.

இப்ப உயிரோட சம்பந்தப்பட்ட இடத்துக்கு வருவோம். டூ-ஸ்ட்ரோக்ல உள்ள வர்ற பெட்ரோலும் ஆயிலும்தான் பிஸ்டனைக் குளிர வைக்கறதுல பெரும்பங்கு. ப்ளாக்கை மட்டும் பெருசாக்கிட்டுப் பழைய ஜெட்டோட ஓட்டினா, பெட்ரோல் பத்தாம பிஸ்டன் கொதிக்கும். அலுமினிய பிஸ்டன், இரும்பு ஸ்லீவைவிடக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு விரியும். நடுவுல இருக்கற இடைவெளியோ தலைமுடி கனம் கூடக் கிடையாது. அது அடைபட்டா இன்ஜின் சீஸ். 80-ல போயிட்டு இருக்கும்போது பின் வீல் அப்படியே லாக் ஆகும்.

அதனால மெயின் ஜெட்டைப் பெரிய சைஸ்ல ஆரம்பிச்சு, படிப்படியா இறக்கிட்டு வாங்க. காலியான ரோட்ல முழு த்ராட்டில் கொடுத்து, அப்படியே கிளட்ச் பிடிச்சு, இன்ஜினை ஆஃப் பண்ணி ஓரங்கட்டி, ப்ளக்கைக் கழட்டிப் பாருங்க. காபிக் கலர் இருந்தா சரி. வெள்ளையா இருந்தா பெட்ரோல் பத்தலை, அதுக்கு மேல ஓட்டாதீங்க. கறுப்பா ஈரமா இருந்தா அதிகம்.

ஆயில் பம்ப்பைக் கழட்டிட்டு டேங்க்லயே கலக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. லிட்டருக்கு 40 மில்லின்னா 25-க்கு 1. கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவும் த்ராட்டிலை மூடிட்டே இறங்கினா, இன்ஜின் வேகமா சுத்தும், ஆனா பெட்ரோலும் வராது, அதோட சேர்ந்து வர வேண்டிய ஆயிலும் வராது. நடுநடுவுல கிளட்ச் பிடிச்சு லேசா முறுக்கி விடுங்க. புது ப்ளாக் போட்ட வண்டியில எப்பவும் ரெண்டு விரல் கிளட்ச் மேலயே இருக்கட்டும். சத்தம் மாறி வண்டி பின்னாடி இழுக்கற மாதிரி தெரிஞ்ச அந்த நொடியே கிளட்ச்சை அமுக்கணும்.

இன்னொண்ணு, பிரேக். ஆர்எக்ஸ் 100-ல முன்னாடியும் ட்ரம், பின்னாடியும் ட்ரம். கம்பெனி அதைக் கொடுத்தது 11 குதிரைத்திறனுக்கு. ப்ளாக்குக்குக் காசு சேர்க்கறதுக்கு முன்னாடி பிரேக் ஷூ, கேபிள், டயர் மூணையும் புதுசாக்குங்க. முப்பது வருஷம் ஓடின கிராங்க் பேரிங்கையும் அதே நேரத்துல மாத்திடுங்க. இன்ஜினை எப்படியும் பிரிக்கத்தானே போறீங்க.

சட்டத்தையும் சொல்லிடறேன். இன்ஜின் நம்பர் கிராங்க்கேஸ்லதான் இருக்கு, ப்ளாக் மாத்தினா யாருக்குத் தெரியும்னு நிறைய பேர் சொல்வாங்க. ஆனா ஆர்சி-ல சிசி-யும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 படி, ஆர்சி-ல இருக்கற விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம், அப்படி மாத்தற ஓனருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்லைன்னா ரெண்டும். அபராதம் கூடப் பரவாயில்ல. நீங்க ஒருத்தர் மேல இடிச்சு, இன்சூரன்ஸ் கம்பெனி இந்த மாற்றத்தைக் காட்டிக் கையை விரிச்சா, அவருக்கான நஷ்டஈடு உங்க வீட்டுக் காசுல இருந்து போகும்.

அப்ப என் பதில் என்ன? ட்ராக்ல ஓட்ட தனியா ஒரு வண்டி இருந்தா, அளந்து பார்த்துப் பொறுமையா ஏத்துங்க, நல்லா இருக்கும். தினமும் ரோட்ல ஓட்டற ஒரே ஆர்எக்ஸ்னா, அதே காசுல 50 மில்லிமீட்டர் ப்ளாக்குக்கே ஒரு ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க், கார்ப்ரேட்டர், பிரேக் எல்லாத்தையும் சரி பண்ணுங்க. நிறைய பேர் ஓட்டறது தேஞ்சு போன 98 சிசி. நல்லா இருக்கற 98 சிசி எப்படி இழுக்கும்னு பார்த்துட்டு, அப்புறமும் பத்தலைன்னு தோணினா லேத் கடைக்குப் போங்க.

அடுத்த எபிசோட்ல கார்ப்ரேட்டர் ட்யூனிங். அதுவரைக்கும் ஹெல்மெட் போட்டு ஓட்டுங்க.